காம்பாக்ட் எஸ்யூவியின் டயர் சீக்கிரமே தேய்கிறதா? காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

புது டயரில் வண்டி இன்னும் 20,000 கிலோமீட்டர்கூட ஓடியிருக்காது. சர்வீஸுக்கு விட்ட இடத்தில் நான்கையும் மாற்றச் சொல்கிறார்கள். இந்த நிலையில் பலர் டயர் கம்பெனியைத் திட்டிக்கொண்டே வேறு பிராண்டுக்கு மாறிவிடுவார்கள். இன்னும் சிலர் ஒரு வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணங்களைத் திருத்துவது) பண்ணிவிட்டு, பிரச்சினை தீர்ந்தது என்று கிளம்பிவிடுவார்கள். இரண்டிலுமே உண்மையான காரணம் வண்டிக்குள் அப்படியே தங்கிவிடலாம். அப்படித் தங்கினால் புது டயரும் அதே ஓரத்தில், அதே வேகத்தில் தேயும்.

பழைய டயரைக் கழற்றிப் போடுவதற்கு முன் அதை உட்கார்ந்து பார்க்க வேண்டும். எந்தச் சக்கரம், எந்த ஓரம், எத்தனை மில்லிமீட்டர் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. பிறகு காற்று, அடுத்து தளர்ந்த பாகங்கள், அதன்பின் பேலன்சிங் (சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமப்படுத்துவது), அலைன்மென்ட், கடைசியாக டயர்களை இடம் மாற்றுவது. இந்த வரிசையை மாற்றாதீர்கள். எடுத்த எடுப்பில் அலைன்மென்ட் செய்கிறவர்கள், தளர்ந்த பாகம் ஒன்று பின்னால் தெரியவரும்போது அதை மறுபடியும் செய்ய வேண்டிவரும்.

இந்த வகை வண்டியில் ஏன் அதிகம்?

காம்பாக்ட் எஸ்யூவி என்பது பெரும்பாலும் ஒரு காரின் அடித்தளத்தின் மேல் உயரமான உடம்பை ஏற்றிச் செய்தது. எஞ்சினும் கியர்பாக்ஸும் முன்னால் இருக்கும். முன்சக்கரங்கள்தான் வண்டியை இழுக்கின்றன, திருப்புகின்றன, பிரேக் பிடிக்கும்போது பெரும்பங்கு சுமையையும் தாங்குகின்றன. அதனால் முன்டயர் பின்டயரைவிட வேகமாகத் தேய்வது கோளாறு அல்ல. இரண்டு முன்டயரும் ஒரே அளவில், குறுக்கே சமமாகத் தேய்ந்திருந்தால் பயப்பட ஒன்றுமில்லை.

உயரம் இன்னொரு காரணம். வளைவில் எடை வெளிப்பக்க டயரின் மேல் சாய்கிறது. அந்த டயரின் தோள்பகுதிதான், அதாவது பக்கச்சுவரை ஒட்டிய ஓரம்தான், அடிவாங்குகிறது. ஹைபிரிட், மின்சார வண்டிகளில் பேட்டரியின் எடையும், மிதித்தவுடன் கிடைக்கும் இழுவிசையும் சேர்ந்துகொள்கின்றன. அப்புறம், ஷோரூமிலிருந்து வண்டியோடு வரும் டயர் பல நேரங்களில் சத்தக் குறைவுக்கும் மைலேஜுக்கும் ஏற்றபடி தேர்ந்தெடுக்கப்பட்டது. நீண்ட நாள் உழைப்பது அதன் முதல் வேலையாக இருக்காது. முதல் செட் டயர் குறைவாக ஓடி, அடுத்த செட் கூடுதலாக ஓடுவது இதனால்தான்.

பின்பக்க சஸ்பென்ஷன் எந்த வகை என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பயன்படும். சில வண்டிகளில் இரண்டு பின்சக்கரங்களையும் ஒரே உத்திரம் இணைக்கும். அதை டார்ஷன் பீம் என்பார்கள். அதில் கோணங்களைத் திருத்த வழக்கமாக வசதி கிடையாது. மற்றவற்றில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனிக் கைகள் உள்ள மல்டி லிங்க் இருக்கும். அதில் டோ கோணத்தை (சக்கரத்தின் முன்முனை உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) திருத்தலாம். கேம்பரை (சக்கரத்தின் மேல்பகுதி உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் அளவு) திருத்தும் வசதி எல்லா வண்டியிலும் இருக்காது. மல்டி லிங்க் வண்டியில் பின்னால் நிறையச் சுமை ஏற்றி ஓட்டினால் உடம்பு கீழே இறங்கி, சக்கரத்தின் மேல்பகுதி உள்ளே சாயும். பின்டயரின் உள்ஓரம் மட்டும் தேய்வதற்கு இது ஒரு வழக்கமான காரணம்.

படி 1: அளந்து எழுதுங்கள்

கண்ணால் பார்த்து "பாதி தேய்ந்திருக்கு" என்பது எதற்கும் உதவாது. ட்ரெட் ஆழம் (டயரின் பள்ளங்களின் ஆழம்) அளக்கும் சின்ன கேஜ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு டயரிலும் உள்ஓரப் பள்ளம், நடுப்பள்ளம், வெளிஓரப் பள்ளம் மூன்றையும் அளக்க வேண்டும். டயரைச் சுற்றி மூன்று இடங்களில் இப்படிச் செய்யுங்கள். பள்ளத்துக்குள் ஆங்காங்கே குறுக்கே மேடாக இருக்கும் தேய்மானக் குறியின் மேல் கேஜின் ஊசியை வைத்துவிடாதீர்கள்; அளவு தப்பாக வரும்.

உள்ஓரத்தை யாரும் பார்ப்பதில்லை. வண்டி நிற்கும்போது கண்ணுக்குத் தெரிவது வெளிஓரம்தான். வெளியே பட்டன் (பள்ளங்களுக்கு நடுவே உயர்ந்து நிற்கும் ரப்பர் கட்டி) நன்றாக இருக்கும், உள்ளே மொட்டையாகி நூல் தெரிகிற நிலையில் இருக்கும். முன்டயருக்கு ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பிவிட்டால் உள்ஓரம் தெரியும். பின்டயருக்கு செல்போன் கேமராவை வண்டிக்கு அடியில் நீட்டிப் படம் எடுத்துப் பாருங்கள்.

பல கார் டயர்கள் புதிதாக இருக்கும்போது ஆழம் 8 மி.மீ. அளவில் இருக்கும். பல நாடுகளில் சட்டப்படியான குறைந்தபட்சம் 1.6 மி.மீ. தேய்மானக் குறியும் அதே உயரத்தில்தான் இருக்கிறது. ஆக, நமக்குப் பயன்படுவது சுமார் 6.4 மி.மீ. ரப்பர். ஈரச் சாலையில் பிடிப்பு அதற்கு வெகு முன்பே குறைந்துவிடுவதால், 3 மி.மீ. வந்ததும் மாற்றுவதே என் விருப்பம்.

இப்போது ஒரு கணக்கு. 8 மி.மீ.-இல் தொடங்கிய முன்டயர் 12,000 கி.மீ. ஓடியபின் வெளியே 6, நடுவே 6, உள்ளே 3.5 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். நடுப்பகுதி 12,000 கி.மீ.-க்கு 2 மி.மீ. இழந்திருக்கிறது, அந்த வேகத்தில் 6.4 மி.மீ.-உம் தீர 38,000 கி.மீ. ஆகும். உள்ஓரம் அதே தூரத்தில் 4.5 மி.மீ. இழந்திருக்கிறது, அது 17,000 கி.மீ.-இலேயே முடிந்துவிடும். 38,000 ஓடக்கூடிய டயரை ஓர் ஓரம் 17,000-இல் கொல்கிறது. இங்கே ரப்பரைக் குறை சொல்லிப் பயனில்லை, கோணத்தைத்தான் பார்க்க வேண்டும். குறுக்கே மூன்று இடத்திலும் 3.5 என்று வந்திருந்தால் கதையே வேறு. அப்போது காற்று, ஓட்டும் விதம், சாலை, டயரின் தரம் பக்கம் போக வேண்டும்.

புது டயரில் பட்டன்கள் உயரமாக இருப்பதால் அதிகமாக நெளியும், தொடக்கத்தில் சற்று வேகமாகவே தேயும். அதனால் முதல் சில ஆயிரம் கிலோமீட்டரை வைத்துப் போடும் கணக்கு கொஞ்சம் மோசமாகத்தான் காட்டும்.

படி 2: தேய்ந்த விதத்தைப் பாருங்கள், தடவுங்கள்

இரண்டு தோள்களும் தேய்ந்து நடு உயரமாக இருந்தால், காற்று குறைவாக ஓடியிருக்கிறது, அல்லது டயர் தாங்குவதற்கு மேல் சுமை ஏறியிருக்கிறது. முன்டயரில் மட்டும் இப்படி இருந்து, காற்றும் எப்போதும் சரியாக இருந்திருந்தால், வளைவுகளை வேகமாக எடுப்பதும் காரணமாக இருக்கலாம். நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம்.

ஒரே ஓரம் தேய்ந்திருந்தால் டோ அல்லது கேம்பர். இரண்டையும் பிரித்தறியக் கை வேண்டும். இஞ்சின் அணைத்து வண்டி நிற்கும்போது, டயரின் மேல் குறுக்கே, உள்ளிருந்து வெளியே ஒருமுறையும் வெளியிலிருந்து உள்ளே ஒருமுறையும் உள்ளங்கையால் தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் அரம் போலவும் உறுத்தினால் டோ தவறு. டயர் ஒவ்வொரு சுற்றிலும் பக்கவாட்டில் இழுபட்டிருக்கிறது என்று அர்த்தம். உறுத்தல் இல்லாமல் ஓர் ஓரம் மட்டும் சரிவாகத் தேய்ந்திருந்தால் கேம்பரைச் சந்தேகப்படுங்கள். நூல் தெரியும் அளவுக்குத் தேய்ந்த ஓரத்தில் தடவாதீர்கள். உள்ளிருக்கும் எஃகு இழை கையைக் கிழித்துவிடும்.

இன்னொரு விதம் சுற்றுவாட்டில் தெரியும். டயர் உருளும் திசையில் தடவினால் ஒவ்வொரு பட்டனும் ஒரு முனையில் உயர்ந்து மறுமுனையில் தாழ்ந்து, ரம்பப் பல் மாதிரி இருக்கும். முன்சக்கரம் இழுக்கும் வண்டிகளில் பின்டயருக்குத்தான் இது அதிகம் வரும்: பின்னால் சுமை குறைவு, இழுவை வேலை கிடையாது, டயரை இடம் மாற்றாமலே விட்டிருப்பார்கள். தேய்மானத்தைவிடச் சத்தம்தான் முதலில் தெரியும். 'ஊஊ' என்று ஒரு முனகல் வரும், வீல் பேரிங் போய்விட்டது என்று நினைத்து அதையும் மாற்றிவிடுவார்கள். பேரிங் சத்தம் என்றால் ஸ்டீயரிங்கை லேசாக இடமும் வலமும் வளைத்து ஓட்டும்போது கூடிக் குறையும். டயர் சத்தம் சாலையின் பரப்பு மாறும்போது மாறும். சந்தேகமாக இருந்தால் முன்டயரைப் பின்னாலும் பின்டயரை முன்னாலும் போட்டுப் பாருங்கள்; சத்தம் இடம் மாறினால் அது டயர்தான்.

டயரைச் சுற்றி ஆங்காங்கே குழி குழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பர் பலமிழந்திருக்கிறது, அல்லது பேலன்ஸ் இல்லை, அல்லது ஏதோ ஒரு மூட்டு தளர்ந்திருக்கிறது. டயர் தரையை விட்டு எழும்பி எழும்பி விழுந்த இடங்கள் அவை. ஒரே ஒரு இடம் மட்டும் தட்டையாக இருந்தால் எப்போதோ சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கியிருக்கிறது.

படி 3: காற்று

எளிமையான காரணம், அதனாலேயே யாரும் சரியாகச் செய்வதில்லை. எவ்வளவு காற்று என்பது ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். சில வண்டிகளில் பெட்ரோல் மூடியின் உட்புறம். முன்னுக்கும் பின்னுக்கும் வேறு அளவு இருக்கலாம், முழுச் சுமைக்குத் தனி அளவும் இருக்கலாம். டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அழுத்தம். அதைப் பார்த்துக் காற்றடித்தால் நடுப்பகுதி போய்விடும்.

டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். வண்டி குறைந்தது மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும், அல்லது ஓரிரு கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கக் கூடாது. ஓடிச் சூடான டயரில் 4 பிஎஸ்ஐ, அதற்கு மேலும்கூடக் கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால், மறுநாள் காலையில் குறைந்த காற்றோடு கிளம்புவீர்கள். சுற்றுப்புற வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் குறைந்தால் அழுத்தமும் 1.5 முதல் 2 பிஎஸ்ஐ வரை இறங்கும். பங்க்சர் எதுவும் இல்லாமலே மாதத்துக்கு 1 பிஎஸ்ஐ அளவில் கசிவதும் இயல்பு.

டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். அமெரிக்க விதிமுறையே குறிப்பிட்ட அளவிலிருந்து 25% குறைந்த பிறகு எச்சரித்தால் போதும் என்கிறது. 34 பிஎஸ்ஐ வேண்டிய டயர் 25.5-க்கு இறங்கும் வரை விளக்கு எரியாமல் இருக்கலாம். 29-இல் மாதக்கணக்கில் ஓடினால் தோள்கள் தேய்ந்துகொண்டேதான் இருக்கும். தனி சென்சார் இல்லாமல் சக்கரங்களின் சுழற்சி வேகத்தை ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கும் வகையும் உண்டு. நான்கு டயரிலும் ஒரே அளவில் காற்று இறங்கினால் அதற்குத் தெரியாமலே போகலாம். அந்த வகை வண்டியில் காற்றடித்ததும் அமைப்பை ரீசெட் செய்ய வேண்டும்.

நைட்ரஜன் பற்றிக் கேட்பார்கள். நாம் அடிக்கும் சாதாரணக் காற்றிலேயே 78% நைட்ரஜன்தான். அடைத்துக்கொள்வதில் கெடுதல் இல்லை. ஆனால் அதை அடைத்துவிட்டு மாதாமாதம் அளப்பதை விட்டுவிட்டால் கெடுதல் உண்டு.

படி 4: தளர்ந்த பாகங்கள்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, தரையில் இருக்கும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வைத்த பிறகுதான் இந்தச் சோதனை. வெறும் ஜாக்கியை நம்பி அடியில் கையையோ தலையையோ விடாதீர்கள்.

சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் வீல் பேரிங் அல்லது பால் ஜாயின்ட் (சக்கரத்தைச் சஸ்பென்ஷன் கையோடு இணைக்கும் குண்டு மூட்டு). இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால், சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் முனை மூட்டான டை ராட் எண்ட், அல்லது அந்தக் கம்பியைத் தள்ளும் ஸ்டீயரிங் ரேக். ஷாக் அப்சார்பரின் மேல் எண்ணெய் கசிந்து புழுதி பிடித்திருந்தால் அது முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். பானெட்டை அமுக்கி விட்டு வண்டி எத்தனை தடவை ஆடுகிறது என்று பார்க்கும் பழைய சோதனையில், முழுக்கச் செத்துப்போன ஷாக் அப்சார்பர்தான் பிடிபடும். பாதி பலமிழந்தது தப்பித்துவிடும்.

நான்கு சக்கரத்திலும் சக்கர மையத்திலிருந்து ஃபெண்டரின் விளிம்பு வரை உயரத்தை டேப்பால் அளந்து பாருங்கள். இடத்துக்கும் வலத்துக்கும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஸ்பிரிங் உடைந்தோ தொய்ந்தோ இருக்கலாம். அப்படி இருந்தால் கேம்பரும் மாறியிருக்கும்.

இந்தப் படியில் அதிகம் தப்பிப்போவது லோயர் ஆர்மின் புஷ். முன்சக்கரத்தைத் தாங்கும் அந்தக் கையின் பின்பக்க ரப்பர் புஷ் கிழிந்திருந்தால், பிரேக் பிடிக்கும்போது கை முழுக்கப் பின்னால் நகரும். அந்த நேரத்தில் டோ மாறும். பிரேக்கை விட்டதும் பழைய இடத்துக்கு வந்துவிடும். அலைன்மென்ட் மெஷினில் வண்டி அசையாமல் நிற்பதால் எல்லா எண்ணும் சரியாகவே தெரியும். காகிதத்தில் குறையே இல்லாமல் சாலையில் மட்டும் உள்ஓரம் தேயும் வண்டிகளில் நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்த புஷ்ஷைத்தான். கடப்பாரை போன்ற ஒரு நீளக் கம்பியால் நெம்பினால் கிழிசல் வாய் திறக்கும். பிரேக் பிடிக்கும்போது வண்டி லேசாக ஒரு பக்கம் இழுப்பதும், 'டக்' என்று ஒரு சத்தம் வருவதும் இதன் அறிகுறிகள்.

படி 5: பேலன்சிங்

நீண்ட நேரம் இதில் செலவிட வேண்டாம். 80 முதல் 110 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கினால் முன்சக்கரம், சீட் நடுங்கினால் பெரும்பாலும் பின்சக்கரம். மெஷினில் சுழலும்போது ரிம் கோணலாக ஓடுகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். கோணல் ரிம்மில் எடை ஒட்டிப் பேலன்ஸ் காட்டலாம், டயர் குழி விழுவது நிற்காது.

படி 6: அலைன்மென்ட்

டயரின் ஆயுளை அதிகம் தின்பது இங்கேதான். கோணங்கள் மூன்று. டோ என்பது மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்முனை உள்ளே பார்க்கிறதா வெளியே பார்க்கிறதா என்பது. கேம்பர் என்பது முன்னால் நின்று பார்த்தால் சக்கரத்தின் மேல்பகுதி உள்ளே சாய்கிறதா வெளியே சாய்கிறதா என்பது. காஸ்டர் என்பது பக்கவாட்டில் நின்று பார்த்தால் சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு; அது ஸ்டீயரிங் நேராக ஓடுவதைப் பாதிக்கும். டயர் தேய்மானத்தில் அதன் பங்கு குறைவு.

மூன்றில் டோவுக்குத்தான் முதலிடம். ஒரு சக்கரம் போகும் திசையிலிருந்து வெறும் 0.2 டிகிரி விலகியிருக்கிறது என்று வையுங்கள், கண்ணுக்கே தெரியாது. கணக்குப் போட்டால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்த டயர் 3.5 மீட்டர் பக்கவாட்டில் தேய்க்கப்படுகிறது. 10,000 கி.மீ.-க்கு 35 கி.மீ. தூரம் ரப்பரைத் தரையில் குறுக்கே இழுத்த மாதிரி. காலைத் தேய்த்து நடப்பவரின் செருப்பு ஓர் ஓரமாகக் கரைவதைப் போலத்தான் இதுவும். சக்கரங்கள் வெளியே பார்த்தால் உள்ஓரமும், உள்ளே பார்த்தால் வெளிஓரமும் தேயும். கேம்பர் உள்ளே சாய்ந்திருந்தால் டோ பிழையின் தேய்மானம் பெரும்பாலும் உள்ஓரத்திலேயே வந்து குவியும். கேம்பர் மட்டும் சற்று அதிகமாக இருந்து டோ சரியாக இருந்தால், பல வண்டிகள் பெரிய சேதமில்லாமல் ஓடிவிடும்.

போவதற்கு முன் நான்கு டயரிலும் காற்றைச் சரிசெய்யுங்கள், டிக்கியில் கிடக்கும் மூட்டைகளை இறக்குங்கள். நான்கு சக்கரத்தையும் அளக்கும் மெஷினாக இருக்க வேண்டும். முன்சக்கரத்தை மட்டும் அளப்பதால் பயன் பாதிதான். திருத்தும் முன் எடுத்த அளவையும் திருத்திய பின் எடுத்த அளவையும் அச்சிட்டுக் கேளுங்கள். முன் எடுத்த அளவு இல்லையென்றால் டயர் எதனால் தேய்ந்தது என்பதற்கான ஆதாரமே போய்விடும்.

அந்தக் காகிதத்தைப் படிப்பதில் சில நுணுக்கங்கள் உண்டு. பச்சை நிறம் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்பார்கள். பச்சை என்பது ஒரு வரம்பு. வரம்பின் ஒரு விளிம்பில் இடது சக்கரமும் மறுவிளிம்பில் வலது சக்கரமும் நின்றாலும் இரண்டும் பச்சைதான். டோவை வரம்பின் நடு எண்ணுக்குக் கொண்டுவரச் சொல்லிக் கேளுங்கள், அதற்குக் கூடுதலாக ஆவது சில நிமிடங்கள்தான்.

முன்சக்கரங்களில் தேய்மானத்துக்குப் பார்க்க வேண்டியது இரண்டும் சேர்ந்த மொத்த டோ. வண்டி ஓடும்போது அந்த மொத்தம் இரண்டு சக்கரத்துக்கும் தானே சரிபாதியாகப் பிரிந்துவிடும். ஸ்டீயரிங் மட்டும் கோணலாக நிற்கும். பின்சக்கரங்களில் அப்படி இல்லை. அங்கே இடதும் வலதும் தனித்தனியாகச் சரியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பின்அச்சு வண்டியை ஒரு பக்கமாகத் தள்ளும். ரிப்போர்ட்டில் அது த்ரஸ்ட் கோணம் என்ற பெயரில் வரும். அதனால்தான் பின்சக்கரத்தை முதலில் திருத்தி, அதற்குத் தோதாக முன்சக்கரத்தைத் திருத்துவார்கள். முன்னால் மட்டும் திருகிவிட்டு முடித்தால் வேலை முடியவில்லை.

முன் கேம்பர் இடத்துக்கும் வலத்துக்கும் அரை டிகிரிக்கு மேல் வித்தியாசப்பட்டால் "இதில் அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது" என்ற பதிலோடு திரும்பிவிடாதீர்கள். பல வண்டிகளில் அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது என்பது உண்மைதான். ஆனால் தொழிற்சாலையில் சரியாக இருந்த கோணம் இப்போது மாறியிருக்கிறது என்றால், ஸ்டிரட் (ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்), நக்கிள் (சக்கரம் பொருந்தும் இரும்புப் பாகம்), லோயர் ஆர்ம் ஆகியவற்றில் ஒன்று வளைந்திருக்கலாம், அல்லது அவற்றைத் தாங்கும் சட்டமான சப்ஃப்ரேம் நகர்ந்திருக்கலாம். பெரிய பள்ளத்தில் விழுந்ததோ, நடைபாதை விளிம்பில் மோதியதோ நினைவிருந்தால் சொல்லிவிடுங்கள். பின்னால் டார்ஷன் பீம் உள்ள வண்டியில் பின்டோ தவறாக இருந்தாலும் இதேதான்: பீம் அல்லது அதன் புஷ் கெட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

உயரத்தைக் கூட்டியோ குறைத்தோ ஸ்பிரிங் மாற்றியிருந்தால், இந்தப் படியில் கிடைக்கும் எண்களை ஒரிஜினல் வரம்புக்குள் கொண்டுவர முடியாமலும் போகலாம். அதற்கான கேம்பர் போல்ட், சரிசெய்யக்கூடிய கைகள் தனியாகக் கிடைக்கும்.

படி 7: இடம் மாற்றிப் போடுதல்

8,000 முதல் 10,000 கி.மீ.-க்கு ஒருமுறை. முன்சக்கரம் இழுக்கும் வண்டியில் முன்டயர்கள் அதே பக்கம் நேராகப் பின்னால் போகும். பின்டயர்கள் பக்கம் மாறி முன்னால் வரும். பின்சக்கரம் அல்லது நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் இது தலைகீழ்: பின்டயர்கள் நேராக முன்னால், முன்டயர்கள் பக்கம் மாறிப் பின்னால். பக்கச்சுவரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி உள்ள டயரைப் பக்கம் மாற்றக் கூடாது, முன்னும் பின்னும் மட்டும். ஸ்டெப்னி மற்ற நான்கைப் போலவே அதே அளவு, அதே ரகம் என்றால் அதையும் சுற்றில் சேர்த்துக்கொள்ளலாம். சின்ன ஸ்டெப்னியைத் தொடவேண்டாம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: இப்படி எந்தச் சக்கரத்துக்கு மாற்றினாலும் உள்ஓரம் உள்ஓரமாகவேதான் இருக்கும். அதை வெளியே கொண்டுவர டயரை ரிம்மிலிருந்து கழற்றித் திருப்பிப் போட வேண்டும். அம்புக்குறியும், 'வெளிப்பக்கம்' என்ற குறியும் இல்லாத டயருக்குத்தான் அது சாத்தியம். காரணத்தைச் சரிசெய்த பிறகு மீதி ரப்பரைப் பயன்படுத்திக்கொள்ள இது நல்ல வழி. சரிசெய்யாமல் செய்தால் இரண்டு ஓரமும் மொட்டையாகும்.

மாற்றியபின் முன்னுக்கும் பின்னுக்கும் உரிய காற்றை மறுபடி வையுங்கள். நட்டுகளை டார்க் ரெஞ்சால் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கி, 100 கி.மீ. ஓடியதும் ஒருமுறை சரிபாருங்கள்.

நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தப் படி கட்டாயம். டயர்களின் ஆழம் வெகுவாக வேறுபட்டால் சுற்றளவும் வேறுபடும், முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியை இணைக்கும் கப்ளிங்கும், சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலும் ஓயாமல் அதை ஈடுகட்டிக்கொண்டே சூடாகும். எவ்வளவு வித்தியாசம் வரை தாங்கும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கையேட்டில் பாருங்கள். இப்படிப்பட்ட வண்டியில் ஒரே ஒரு டயர் கெட்டாலும் நான்கையும் மாற்ற வேண்டி வரலாம். மற்ற வண்டிகளில் இரண்டு மட்டும் புதிதாகப் போட்டால் அவை பின்னால் போகட்டும். ஈரச் சாலையில் பின்பக்கம் வழுக்கினால் வண்டியைக் கட்டுப்படுத்துவது கடினம்.

படி 8: ஓட்டும் விதம்

நிற்கும் வண்டியில் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பாதீர்கள், மெல்ல உருளவிட்டுத் திருப்புங்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். மின்சார வண்டியில் சிக்னலில் முதல் மிதியை மெதுவாக்குங்கள். சொரசொரப்பான கல் பரப்பிய சாலையில் தினமும் ஓடுகிறவருக்கு, வழவழப்பான சாலையில் ஓடுகிறவரைவிட டயர் சீக்கிரம் தீரும். அதற்கு வைத்தியம் இல்லை.

மாற்றியே ஆக வேண்டுமென்றால்

அளவில் கடைசியாக வரும் எண்ணையும் எழுத்தையும் பாருங்கள். 215/60 ஆர்17 96எச் என்பதில் 96 என்பது ஒரு டயர் 710 கிலோ தாங்கும் என்பது. எச் என்பது மணிக்கு 210 கி.மீ. வரைக்குமானது. கம்பெனி சொன்னதைவிடக் குறைந்த சுமை எண்ணுக்கு இறங்காதீர்கள்.

பக்கச்சுவரில் ட்ரெட்வேர் என்று ஓர் எண் இருக்கலாம். அமெரிக்கத் தரவரிசை அது. டெக்சாஸில் சுமார் 640 கி.மீ. நீளமுள்ள ஒரு சாலைச் சுற்றில், மொத்தம் சுமார் 11,600 கி.மீ. டயரை ஓட்டி, 100 என்று வைத்த ஓர் அடிப்படை டயரோடு ஒப்பிட்டு எண் கொடுப்பார்கள். 500 என்றால் அந்தச் சோதனையின் அளவுகோலில் ஐந்து மடங்கு. எண்ணைத் தருவது தயாரிப்பாளரே என்பதால் ஒரு கம்பெனியின் 500-ஐ இன்னொரு கம்பெனியின் 600-உடன் மோதவிடுவதில் அர்த்தமில்லை. ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களை ஒப்பிட அது உதவும். எண் கூடும்போது பெரும்பாலும் பிடிப்பில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வண்டி புதிது என்றால் வாரன்ட்டி கேட்பதில் தயங்க வேண்டாம். வண்டியோடு வந்த டயருக்குப் பொறுப்பு பல நேரங்களில் டயர் கம்பெனியுடையது, அலைன்மென்ட்டுக்கு வண்டிக் கம்பெனி. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள். கையில் படி 1-இன் அளவுகள் தேதியோடும் கிலோமீட்டரோடும் இருந்து, திருத்துவதற்கு முன் எடுத்த அலைன்மென்ட் அச்சும், டயர் இடம் மாற்றியதற்கான பில்லும் இருந்தால் பேச்சு வேறு மாதிரி போகும்.

திருத்திய பிறகு

500 கி.மீ. ஓடியதும் குறுக்கே தடவிப் பாருங்கள். பழைய உறுத்தல் மழுங்கத் தொடங்கியிருந்தால் டோ சரியாகியிருக்கிறது. கேஜை எடுக்க 3,000 கி.மீ. வரை பொறுங்கள், அதற்கு முன் வரும் வித்தியாசம் கேஜின் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும். உள்ஓரமும் நடுவும் ஒரே அளவில் குறைந்திருந்தால் இனி 10,000-க்கு ஒருமுறை அளந்தால் போதும். உள்ஓரம் இன்னும் முந்திக்கொண்டு குறைந்தால், மறுபடி அலைன்மென்ட்டுக்குப் போகாமல் படி 4-க்குத் திரும்பி புஷ்களைப் பாருங்கள். குறுக்கே எல்லா இடமும் சமமாக, ஆனால் வேகமாகவே குறைகிறது, காற்றும் சரி, கோணமும் சரி என்றால், அந்த டயரின் ரப்பர் அப்படிப்பட்டது. அதை அதன் வயதுக்கு ஓட்டித் தீர்த்துவிட்டு, அடுத்த முறை அதே கம்பெனியில் ட்ரெட்வேர் எண் கூடுதலாக உள்ள மாடலாக வாங்கிக்கொள்ளுங்கள்.